முப்பரிமாணச் செவ்வாய் உருண்டை: உப்புக்காற்று ஊரில் வைத்துப் பார்த்த அனுபவம்

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் உள்ளே விளக்கு வைத்த மாடலை வாங்காதீர்கள், கூடவே வரும் கையேட்டை நம்பாதீர்கள், கடலோர ஊர்க்காரர் என்றால் ஆர்டர் போடுவதற்கு முன்பே எவர்சில்வர் திருகாணி ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள். அவசரமாக இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மற்றவர்களுக்கு நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை வாங்கலாமா என்று தேடியபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் "சூப்பர் பிராடக்ட், என் மகன் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன்" வகைதான்.

பொருள் என்ன? 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள செவ்வாய்க் கிரக உருண்டை. த்ரீடி பிரிண்டரில் இரண்டு அரைக்கோளங்களாக அச்சடித்து நடுவில் ஒட்டி, மேலே வண்ணம் அடித்தது. கடையில் கிடைக்கும் பூமி உருண்டை மாதிரி வழவழப்பாக இருக்காது, மலை மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் கைக்குத் தட்டுப்படும். கூட ஒரு மரத் தாங்கி, நட்டுவைக்கக் குண்டூசிக் கொடிகள், பளபளத் தாளில் ஒரு கையேடு. விலை ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தயாரிப்பவர் சிறிய ஆள், இணையத்தில் மட்டும் விற்கிறார், பெயரை இங்கே போடவில்லை. குறை நிறையச் சொல்லப் போகிறேன், அதற்காக ஒருவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். இந்த வகை உருண்டையை இப்போது பலர் செய்கிறார்கள், நான் சொல்வதில் பாதி எல்லோருடையதற்கும் பொருந்தும்.

நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில், வீட்டு முன்கூடத்தில் ட்யூஷன் எடுப்பவள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் கடல் தொழில்தான். பேய்க்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவிடத்துக்கு எல்லோரும் போய் வந்தவர்கள், ராக்கெட் மாதிரிகளைப் பார்த்தவர்கள், அதனால் ராக்கெட் போகிறது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. எங்கே போகிறது, அங்கே தரை எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் விழிப்பார்கள். பாடப்புத்தகத்தில் செவ்வாய் என்றால் சிவப்பாக ஒரு வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்தைத் தொட்டுக் காட்டத்தான் இதை வாங்கினேன்.

பெட்டி வந்தபோது ஒரு மூலை நசுங்கியிருந்தது, உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பொதிந்திருந்த விதம் நன்றாக இருந்தது, அதற்கு முழு மதிப்பெண்.

இனி முக்கியமான விஷயம். விற்பனைப் பக்கத்தில் "செவ்வாயின் உண்மையான மேடு பள்ளம்" என்று போட்டிருக்கிறார்கள். இடங்கள் உண்மைதான், உயரம் உண்மையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். செவ்வாயின் விட்டம் சுமார் 6,780 கிலோமீட்டர். அதை 30 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் ஒரு சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 226 கிலோமீட்டர். சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய எரிமலையான ஒலிம்பஸ் மான்ஸின் உயரம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர், அதாவது எவரெஸ்டைப் போல இரண்டரை மடங்கு. இந்த அளவில் அது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வேல்ஸ் மரினெரிஸ் பள்ளத்தாக்கின் ஆழம் 7 கிலோமீட்டர் வரை போகும், அது இங்கே நகக்கீறல்தான். உள்ளபடியே அச்சடித்திருந்தால் கையில் ஒன்றும் தட்டுப்பட்டிருக்காது, காசு கொடுத்து வாங்க ஆளும் இருந்திருக்காது. ஆனால் என் உருண்டையில் ஒலிம்பஸ் மான்ஸ் ஒன்றரை சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது. அடிஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பதினைந்து மடங்கு கூட்டியிருக்கிறார்கள்.

கூட்டியதில் எனக்குச் சண்டையில்லை. கூட்டாமல் முடியாது. சொல்லாமல் கூட்டியதில்தான் சண்டை. "உயரம் மட்டும் 15 மடங்கு" என்று தாங்கியின் அடியில் ஒரு வரி போட்டிருக்கலாமே? அந்த வரி இல்லாததால் என்ன ஆகிறதென்றால், பிள்ளைகள் ஒலிம்பஸ் மான்ஸை செங்குத்தான குன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது அப்படியில்லை. அடிவாரம் 600 கிலோமீட்டர் அகலம், பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சரிவு சராசரியாக ஐந்து டிகிரி, சைக்கிளை மிதித்தே ஏறிவிடலாம் போல மெதுவான ஏற்றம். நடுச்சரிவில் நிற்பவருக்குத் தான் மலைமேல் நிற்கிறோம் என்பதே தெரியாது. உச்சியும் தெரியாது, அடிவாரமும் தெரியாது, இரண்டும் தொடுவானத்துக்கு அப்பால். செவ்வாய் பூமியைவிடச் சிறியது அல்லவா, அங்கே ஒருவர் நின்று பார்த்தால் தொடுவானம் சுமார் மூன்றரைக் கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். நம் கடற்கரையில் நின்றால் நாலரைக்கு மேல் தெரியும். ஓரத்தில் மட்டும் சில இடங்களில் ஆறு கிலோமீட்டர் உயரமுள்ள செங்குத்துச் சுவர் இருக்கிறது, அந்த இடத்தில்தான் அது மலை என்று புரியும். இந்தச் சுவரை உருண்டையில் அழகாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், விரலை ஓட்டினால் படி போலத் தடுக்கிறது. இதற்காகவே பாதி விலையை மன்னிக்கலாம்.

வண்ணம் அடுத்த தலைவலி. இரண்டு மாடல் விற்கிறார்கள், ஒன்று கண்ணுக்குத் தெரியும் செம்பழுப்பு நிறம், இன்னொன்று உயரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வகை. நான் இரண்டாவதை வாங்கினேன். தாழ்ந்த இடம் நீலம், அப்புறம் பச்சை, மஞ்சள், சிவப்பு, மிக உயரமான சிகரங்கள் வெள்ளை. நாசாவின் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்திலிருந்த லேசர் உயரமானி அளந்த தரவைக் காட்ட ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் அதே நிற வரிசை இது. அதனால் பார்த்தவுடன் வடக்கு முழுக்க நீலம், தெற்கு முழுக்க மஞ்சள் சிவப்பு. வந்த நாளிலேயே ஒரு பயல் கேட்டான், "மிஸ், கடல் இருக்குன்னு சொல்லவே இல்ல?"

மீன்பிடித் தடைக்காலம் அது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. பிள்ளையைக் கூப்பிட வந்த அப்பா ஒருவர் அவசரமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தெற்கே இருந்த பெரிய நீலக் குழியில் விரலை வைத்து, "இதுல எத்தன பாகம் இருக்கும் மிஸ்?" என்றார். பாகம் என்பது கடலாழத்தை அளக்கும் கணக்கு, ஒரு பாகம் ஆறடி. அவர் விரல் வைத்த இடம் ஹெல்லஸ். விட்டம் 2,300 கிலோமீட்டர், பூஜ்ய மட்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஆழம். 3,800 பாகத்துக்கு மேல் வரும் அண்ணே என்றேன். அவர் சிரித்தார். பாக் நீரிணையில் எட்டுப் பாகத்தைத் தாண்டினாலே ஆழம் என்று பேசுகிற ஆட்கள். "தண்ணியே இல்லாம எப்படி அளந்தாங்க?" என்று அடுத்த கேள்வி. அவர் படகில் இருக்கும் எக்கோ சவுண்டர் மாதிரிதான், ஒலிக்குப் பதில் லேசர் ஒளி, படகுக்குப் பதில் மேலே சுற்றும் விண்கலம், போன ஒளி திரும்பிவர எவ்வளவு நேரமானது என்று பார்த்துத் தூரம் கணக்கிடுவது. 60 கோடி முறைக்கு மேல் அப்படி அளந்திருக்கிறார்கள். கடல் மட்டம் என்று ஒன்று அங்கே இல்லாததால் ஒரு பூஜ்ய மட்டத்தைக் கணக்காக வைத்துக்கொண்டு அதற்கு மேல் கீழ் என்று சொல்கிறார்கள். இந்த விளக்கத்தில் ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லை. அதற்குப் பதில் "நீலம்: பண்டைய கடல்" என்று அச்சடித்திருக்கிறது. வடக்குத் தாழ்நிலத்தில் ஒருகாலத்தில் கடல் இருந்திருக்கலாம் என்று சொல்கிற விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். முடிந்த விஷயம் போல அச்சடிப்பது தவறு. அதே நீலம் ஹெல்லஸிலும் இருக்கிறது, அது மோதலில் உண்டான குழி. நீலம் என்றால் தாழ்வு, அவ்வளவுதான். எங்கள் கையேட்டில் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

சரி, இந்த உருண்டையால் என்ன பயன் என்று கேட்டால் நான் சொல்வது கொடிகளைத்தான். இதுவரை செவ்வாயில் இறங்கி ஒழுங்காக வேலை செய்த கலங்கள் எங்கெங்கே நிற்கின்றனவோ அங்கெல்லாம் பிள்ளைகளை விட்டுக் குத்தச் சொன்னேன். வைக்கிங் 1, 1976இல், கிரைஸி சமவெளி. வைக்கிங் 2, யுடோபியா. 1997இல் பாத்ஃபைண்டர். 2004இல் ஸ்பிரிட்டும் ஆப்பர்ச்சுனிட்டியும். 2008இல் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஃபீனிக்ஸ். 2012இல் கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி. 2018இல் இன்சைட். 2021இல் ஜெசரோவில் பெர்சிவியரன்ஸ், அதே வருடம் யுடோபியாவில் சீனாவின் சூராங். குத்தி முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கவனித்துச் சொன்னாள், மலையில் ஒரு கொடிகூட இல்லை என்று. மலையில் மட்டுமில்லை, பள்ளத்தாக்கிலும் இல்லை. எல்லாக் கொடியும் பூஜ்ய மட்டத்துக்குக் கீழே, சமவெளியிலோ அகலமான பழைய பள்ளத்தின் தரையிலோதான்.

இது தற்செயல் இல்லை. செவ்வாயின் காற்று நம் காற்றில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. வேகமாக வரும் கலத்தின் வேகத்தைக் குறைக்கப் பெரும்பாலும் அந்தக் கொஞ்சக் காற்றையும் பாராசூட்டையும்தான் நம்ப வேண்டும். எவ்வளவு தாழ்வான இடமோ அவ்வளவு கூடுதல் காற்று, பிரேக் பிடிக்க அவ்வளவு கூடுதல் நேரம். ஹெல்லஸின் அடியில் காற்றழுத்தம் சராசரியைப் போல இரண்டு மடங்கு, ஒலிம்பஸ் உச்சியில் சராசரியில் எட்டில் ஒரு பங்கு. அந்த உச்சியில் பாராசூட் விரித்தால் விரித்த மாதிரியே இருக்காது. அதோடு இறங்குகிற இடத்தில் பாறையும் சரிவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் பூமியிலிருந்து யாரும் ஓட்ட முடியாது. சிக்னல் போய்ச்சேரவே மூன்று நிமிடம் முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும், கலம் இறங்குவதோ ஏழு நிமிடத்தில் முடிகிற கதை. ஆக, செவ்வாய் என்றதும் நமக்கு ஆசை வருகிற இடங்கள் ஒன்று, போய் நின்ற இடங்கள் வேறு. தட்டையான புகைப்படத்திலும் வரைபடத்திலும் இது தெரியவே தெரியாது. கையால் தடவிப் பார்க்கிற பொருளில் ஒரே நாளில் புரிந்துவிட்டது. நான் இந்த உருண்டைக்குக் கொடுக்கிற மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான்.

அளவு பற்றியும் கொஞ்சம். வேல்ஸ் மரினெரிஸ் 4,000 கிலோமீட்டர் நீளம், காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரையிலான நீளத்தையே தாண்டிவிடும். உருண்டையில் அது 17 சென்டிமீட்டருக்கு மேல் ஓடுகிறது, சாண் நீளத்துக்கும் கொஞ்சம் அருகில். ஆப்பர்ச்சுனிட்டி என்ற அந்த வண்டி, மூன்று மாதம் ஓடினால் போதும் என்று அனுப்பப்பட்டு 14 வருடம் உழைத்தது. மொத்தம் 45 கிலோமீட்டர் ஓடியது. இந்த உருண்டையில் அது இரண்டு மில்லிமீட்டர். குண்டூசியின் தலையே அந்த முழுப் பயணத்தையும் மறைத்துவிடுகிறது. பெர்சிவியரன்ஸ் இறங்கிய ஜெசரோ பள்ளமும் அதே இரண்டு மில்லிமீட்டர்தான், அதனால் அங்கே இருக்கும் பழைய ஆற்றுக் கழிமுகத்தை உருண்டையில் தேடாதீர்கள், கிடைக்காது. கையேட்டில் "ஜெசரோ டெல்டாவைத் தொட்டு உணரலாம்" என்று போட்டிருப்பது சும்மா.

கழிமுகத்தையும் கரையையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செவ்வாயைச் சுற்றும் மார்ஸ் ரெகனைசன்ஸ் ஆர்பிட்டர் விண்கலத்தின் ஹைரைஸ் கேமரா எடுத்த படங்களை இணையத்தில் பாருங்கள், காசு இல்லை. தரையில் ஒரு மீட்டர் அகலப் பாறையும் அதில் தெரியும், வண்டி போன தடமும் தெரியும். நாசாவின் மார்ஸ் ட்ரெக் பக்கத்தில் நமக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுத்து உயர வெட்டுத்தோற்றம் எடுக்கலாம், த்ரீடி பிரிண்ட் கோப்பையே இறக்கிக்கொள்ளலாம். பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் முழு உருண்டைக்குப் பதில் வேல்ஸ் மரினெரிஸை மட்டும் பெரிதாக அச்சடிக்கலாம், என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் நல்லது.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு அரித்த பள்ளத்தாக்கு இல்லை அது. பக்கத்திலிருக்கும் தார்சிஸ் மேடு எரிமலைக் குழம்பால் உப்பி எழும்பியபோது மேலோடு இழுபட்டு விரிந்து பிளந்தது, பிறகு இரண்டு பக்கச் சுவர்களும் சரிந்து சரிந்து அகலமானது. நிலச்சரிவு என்றால் நம் ஊட்டிச் சாலையில் விழுகிற மாதிரி இல்லை, மலைச்சுவர் பல கிலோமீட்டர் அகலத்துக்கு அப்படியே விழுந்து தரையில் விசிறி போல ஓடியிருக்கிறது. உருண்டையில் ஓஃபிர், மெலஸ் பகுதிகளில் அந்தச் சரிந்த வளைவுகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. பல இடங்களில் ஒரு விளிம்பில் நின்றால் எதிர் விளிம்பு தெரியாது, அவ்வளவு அகலம். மேற்கு முனையில் நொக்டிஸ் லேபிரிந்தஸ், பிளவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும் சந்துக்கூட்டம், காலை நேரத்தில் அதன் அடியில் மூடுபனி படிந்திருப்பதை வைக்கிங் காலத்திலேயே படம் எடுத்திருக்கிறார்கள். உருண்டையில் அந்தச் சந்துகள் அடைபட்டுப் போயிருக்கின்றன, அச்சின் நுணுக்கம் அவ்வளவுதான்.

தார்சிஸ் பக்கம் இன்னொரு குறை. இரண்டு அரைக்கோளம் ஒட்டிய தையல் சரியாக நடுக்கோட்டில் வருகிறது. பாவோனிஸ் மான்ஸ் என்ற எரிமலை நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பாவம், அதை அரிவாளால் கீறிய மாதிரி ஒரு கோடு. தையலைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம், யாரும் யோசிக்கவில்லை.

தூசி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் தெருவில் எதை வெளியே வைத்தாலும் மணல் படியும். இந்த உருண்டையில் பள்ளமெல்லாம் தூசி அடைந்துகொள்ளும், துணியால் துடைத்தால் முதலில் வெளியே வருவது தார்சிஸின் மூன்று எரிமலைகளும் ஒலிம்பஸும்தான். இதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு மரினர் 9 கதையைச் சொன்னேன். வேறொரு கிரகத்தை முதன்முதலாகச் சுற்றிய விண்கலம் அது. 1971 நவம்பரில் போய்ச்சேர்ந்தபோது கிரகம் முழுக்கப் புழுதிப் புயல், ஒன்றும் தெரியவில்லை. நான்கு கரும்புள்ளிகள் மட்டும் தெரிந்தன. புழுதி அடங்க அடங்கத்தான் அவை புழுதிக்கு மேலே தலைநீட்டிய எரிமலை உச்சிகள் என்று புரிந்தது. அதற்கு முன்னால் போன கலங்கள் குழிகளைப் படம் எடுத்து அனுப்பி, செவ்வாய் நிலாவைப் போலச் செத்த இடம் என்று எல்லோரையும் நம்பவைத்திருந்தன. பள்ளத்தாக்குக்கு மரினெரிஸ் என்ற பெயர் வந்தது அந்த விண்கலத்தால்தான். துடைக்கத் துணி வேண்டாம், பெயின்ட் பிரஷ் போதும், துணி கொடிகளில் மாட்டிக்கொள்கிறது.

உப்புக்காற்று விஷயம். இதைத்தான் கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். உருண்டை பிளாஸ்டிக், அதற்கு ஒன்றும் ஆகாது. அச்சுக் கம்பியும் திருகாணியும் சாதா இரும்பு, மேலே பூச்சு. சீக்கிரமே துரு ஏறி, துருநீர் வடிந்து தென்துருவத்தின் பனிமூடியில் பழுப்புக் கறை. விற்றவருக்கு எழுதினேன், மறுபேச்சில்லாமல் மாற்றுத் திருகாணி அனுப்பினார், அதற்கு நன்றி. ஆனால் அனுப்பியதும் அதே இரும்புதான். ராமநாதபுரத்தில் ஹார்டுவேர் கடையில் எவர்சில்வரில் வாங்கிப் போட்டேன், அதன்பின் தொல்லையில்லை. விளக்கு மாடல் வாங்கிய தெரிந்தவர் ஒருவர் வீட்டில் உள்ளே இருந்த இணைப்புகள் பச்சை பூத்து விளக்கு அணைந்துவிட்டது, திறந்து பார்க்க வழியில்லை, ஒட்டிவிட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கு உள்ளே எதற்கு விளக்கு என்றே எனக்குப் புரியவில்லை.

தாங்கியின் சாய்வு இன்னொரு சோம்பேறித்தனம். செவ்வாயின் அச்சு 25 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சாய்ந்திருக்கிறது. கோணமானி வைத்துப் பார்த்தால் இருபத்து மூன்றரைதான் வந்தது. பூமி உருண்டைக்குச் செய்த தாங்கியை அப்படியே கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், பிள்ளைகள் கண்டுபிடித்துச் சிரித்தார்கள்.

பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில், இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை. நாங்கள் தமிழில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டோம். பெயர் பற்றிப் பேசும்போது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த தகவல்: செவ்வாயில் சிறிய குழிகளுக்கு உலகத்தின் சின்ன ஊர்களின் பெயரை வைக்கிறார்கள், மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அண்மையில் கேரளத்தின் வர்க்கலா, தும்பா, பேக்கல் எல்லாம் ஏறிவிட்டன. பெரிய குழி ஒன்றுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணனின் பெயர் கிடைத்திருக்கிறது, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த முதல் இந்தியர் அவர். அந்த விதிப்படி பார்த்தால் கீழக்கரையும் ராமேஸ்வரமும்கூடத் தகுதிதான். உடனே கூடத்தில் கலவரம், எந்தக் குழிக்கு எந்த ஊர் என்று. பாம்பன்காரப் பிள்ளை ஒருத்தி ஹெல்லஸையே கேட்டாள்.

மங்கள்யான் பற்றி உருண்டையிலும் கையேட்டிலும் ஒரு சொல் இல்லை, இந்தியாவில் செய்து இந்தியாவில் விற்கிற பொருளில்! இறங்காத கலம் என்பதால் கொடி குத்த முடியாது, அது சரி. ஆனால் 2013 நவம்பர் 5இல் கிளம்பி 2014 செப்டம்பர் 24இல் சுற்றுப்பாதைக்குள் போன கலம் அது, முதல் முயற்சியிலேயே. ஆறு மாதத்துக்கென்று திட்டமிட்டது எட்டு வருடம் தாங்கியது. அதன் பாதை நீண்ட முட்டை வடிவம், கிட்டத்தில் சுமார் 420 கிலோமீட்டர், தூரத்தில் 77,000 கிலோமீட்டர். அதனால்தான் கிரகத்தை முழு வட்டமாகப் படம் எடுக்க முடிந்தது. இந்த உருண்டை அளவில் காட்டினேன்: கிட்டத்தில் ஒரு விரல்கடை, தூரத்தில் மூன்றரை மீட்டர், கூடத்தைத் தாண்டி வாசல் திண்ணை வரை. ஒரு பையன் கையில் எலுமிச்சம்பழத்தோடு அந்த முட்டைப் பாதையில் ஓடினான், பாடம் முடிந்தது. இன்னொரு கணக்கும் போட்டோம். இதே அளவில் பூமி 56 சென்டிமீட்டர் உருண்டை. மிக நெருங்கி வந்த 2003இல் இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் இரண்டரைக் கிலோமீட்டர், பாம்பன் ரயில் பாலத்தைக் கடந்து கொஞ்சம் நடக்கிற தூரம். மிக விலகிப் போனால் பதினேழு பதினெட்டுக் கிலோமீட்டர், மண்டபத்திலிருந்து ஏறக்குறைய ராமேஸ்வரம் ஊர் வரைக்கும்.

இனிமேல் என்ன வரும் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல விஷயம் இருக்கிறது, ஆனால் கையேட்டில் இருப்பது போல "விரைவில் மனிதர்கள் குடியேறுவர்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகவே ஆறேழு மாதம், கிளம்பும் வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும், கதிர்வீச்சைத் தடுக்கக் காந்தப்புலமும் கிடையாது. எனக்கு ஆசை வருவது இயந்திரங்கள் மேல்தான். இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் ஐந்து முறை பறந்தால் போதும் என்று போய் 72 முறை பறந்தது, 2024 ஜனவரியில் இறக்கை உடையும் வரை. சக்கரம் ஏற முடியாத சுவரில் இறக்கை ஏறும். ஜெர்மனியின் விண்வெளி மையம் வேல்ஸ் மரினெரிஸுக்கென்றே பறப்பன, ஊர்வன, நடப்பன என்று இயந்திரக் கூட்டம் ஒன்றை உருவாக்கிப் பார்க்கும் திட்டம் வைத்திருக்கிறது. அது போனால் நான் முதல் கொடியைக் குத்தத் தயார். 2024இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஒலிம்பஸ் உச்சிப் பள்ளத்தில் விடிகாலையில் நீர் உறைபனி படிவதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஐரோப்பாவின் டிரேஸ் காஸ் ஆர்பிட்டர் விண்கலம் வழியாக. முடி அளவுகூட இல்லாத மெல்லிய படலம், வெயில் பட்டதும் காணாமல் போய்விடும். கிரகத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த பிறகு உச்சியில் இருக்கும் அந்த வெள்ளைப் பெயின்டை நான் குறை சொல்வதில்லை.

பெர்சிவியரன்ஸ் எடுத்துவைத்த பாறைக் குழாய்கள் அங்கேயே கிடக்கின்றன. அதில் ஒன்று, நுண்ணுயிரால் உண்டாகியிருக்கக்கூடிய புள்ளிகள் கொண்ட பாறையிலிருந்து எடுத்தது. பூமிக்குக் கொண்டுவந்து பார்த்தால்தான் உறுதியாகும். கொண்டுவரும் திட்டம் செலவு எகிறியதால் முடங்கிக் கிடக்கிறது. எனக்கு இதில் வருத்தம் அதிகம். வலையில் விழுந்த மீனைக் கரைக்கு எடுத்துவர டீசல் இல்லை என்கிற மாதிரி இருக்கிறது. சீனா 2028 வாக்கில் தியான்வென் 3ஐ அனுப்பி மண் எடுத்துவரப் பார்க்கிறது. ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் வண்டியும் அதே 2028இல் கிளம்பத் திட்டம், இரண்டு மீட்டர் ஆழம் துளையிடும், கதிர்வீச்சு எட்டாத மண்ணைத் தோண்டிப் பார்க்க. இறங்குமிடம் ஆக்ஸியா பிளானம், வழக்கம்போலத் தாழ்வான சமவெளி. உருண்டையில் நீலமும் பச்சையும் சேரும் இடம். பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே பென்சிலால் புள்ளி வைத்துவிட்டார்கள்.

மதிப்பெண்: உருண்டைக்கு ஐந்துக்கு நான்கு, தாங்கிக்கு இரண்டு, கையேட்டுக்குப் பூஜ்யம், விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு மூன்றரை. அலமாரியில் அழகுக்கு வைப்பவர்கள் செம்பழுப்பு மாடலே வாங்குங்கள், பார்வைக்கு அதுதான் செவ்வாய். பிள்ளைகளுக்கு என்றால் நிறம் மாறும் மாடல், ஆனால் முதல் நாளே நீலம் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஆர்டர் போடும்போது குறிப்புப் பெட்டியில் "கூடுதல் கொடி வேண்டும்" என்று எழுதுங்கள், கேட்டால் சும்மா தருகிறார்கள். பெட்டியில் வருவது எட்டுதான், நான் மேலே சொன்ன கலங்களுக்கே பத்து வேண்டும்.